இரண்டாவது கிளிக்

1

இந்த மாசியோடு நான் திருவெறும்பூரை விட்டு ஸ்டுட்கார்ட் வந்து இருபது வருடம். கேக் எதுவும் வெட்டவில்லை. 'உங்கள் குடியிருப்பு அட்டை காலாவதியாகப் போகிறது' என்று ஒரு கடிதம் வந்திருந்தது, புதுப்பிக்கப் போனேன். இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு ஆண்டுவிழா என்றால் அதுதான்.

இப்போதெல்லாம் போட்டோவைக் கையில் கொண்டுபோக வேண்டியதில்லை. அலுவலகத்திலேயே ஆளுயரத்துக்கு ஓர் எந்திரம் நிற்கிறது. முன்னால் போய் நின்றால் அதுவே தன் கண்ணை நம் உயரத்துக்கு ஏற்றி இறக்கிப் படம் பிடிக்கிறது. எடுத்த படம் சரியில்லை என்றால் அதுவே தள்ளிவிடுகிறது. என்னை மூன்று முறை தள்ளியது. மூன்று முறையும் ஒரே காரணம்: முகம் இயல்பாக இல்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாள் எட்டிப் பார்த்துச் சொன்னார். "நீங்கள் சிரிக்கிறீர்கள். எதையும் நினைக்காமல் நில்லுங்கள்."

"உனக்கென்ன, சொல்வது சுலபம்" என்று சொல்லிவிட்டேன்.

ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போலவே நீ வேறு, நீங்கள் வேறு. பஸ் கண்டக்டரே 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று மரியாதையாகத் தள்ளுகிற ஊரில் பிறந்தவன், ஓர் அரசாங்க அதிகாரியை 'நீ' என்று சொல்லி நிற்கிறேன். அவசரத்தில் நாக்கு எப்போதும் எளிய வழியாகத்தான் ஓடும். அந்த அம்மாளின் ஒரு புருவம் மட்டும் மேலே போனது. கோபமா, வேடிக்கையா? எனக்குத் தெரியவில்லை. இருபது வருடம் ஆகியும் இந்த ஊர் முகங்கள் எனக்குப் பாதிப் புத்தகம்தான். இதில் வேடிக்கை, கம்ப்யூட்டருக்கு முகபாவம் படிக்கச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை.

நான்காவது முறை கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு நின்றேன். ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏன் எனக்குச் சிரிப்பு வந்தது என்பது அந்த எந்திரத்துக்கும் தெரியாது, அந்த அம்மாளுக்கும் தெரியாது. உங்களுக்குச் சொல்லலாம். அதற்கு என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2

அக்கா பெயர் வசந்தா. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். முன்பக்கம் மாமா ஜெராக்ஸ், லேமினேஷன் பார்ப்பார். திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல், ஒரு நீலத் துணி, இரண்டு விளக்கு, அக்கா. முப்பது வருடமாக அவள் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற வார்த்தை ஒன்றுதான்: "சிரிக்காதீங்க." ஹால் டிக்கெட்டுக்கு வந்த பையனிடம், சிங்கப்பூர் போகிற மருமகளிடம், பென்ஷன் பாரத்துக்கு வந்த பெரியவரிடம். அடுத்தவர்களைச் சிரிக்கவிடாமல் செய்தே பிழைக்கிறேன் என்று அவளே சொல்லுவாள்.

ஆனால் ஆள் அப்படியில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே அவள் முகத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்துவிடும். "சிரிச்ச மூஞ்சிக்கு வாடகை இல்ல" என்பது அவள் சொந்தச் சரக்கு.

போன வருடம் தை மாதம் ஒரு காலை. வாய் கொப்பளித்தாள், தண்ணீர் இடது பக்கமாகத் தானே ஒழுகியது. கண்ணாடியைப் பார்த்தால் இடது கண் மூட மறுக்கிறது, இடது கன்னம் துணி மாதிரி தொங்குகிறது. முகவாதம். தெருவில் 'காத்து அடிச்சிருச்சு' என்றார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்து, கன்னத்துக்குப் பயிற்சியும் கொடுத்தார். 'பெரும்பாலும் சரியாகிவிடும், பொறுமை வேண்டும்' என்றார். கண் மூட ஆரம்பித்தது. வாய் மட்டும் இடது பக்கம் அசையவில்லை. அவள் சிரித்தால் வலது பக்க உதடு மட்டும் மேலே ஏறியது.

அதற்கு ஒரு மாதம் கழித்து நான் செய்த காரியத்தால் பத்து மாதம் அக்கா எனக்கு முகம் காட்டவில்லை.

3

நான் படித்தது பாலிடெக்னிக். வந்தது கடைசல் எந்திரம் ஓட்டுகிற வேலைக்கு. அந்தத் தொழிற்சாலை மூடியபோது கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டே, கிடைத்த வீடியோக்களைப் பார்த்து, தப்புத் தப்பாக எழுதி, புரோகிராமிங் கற்றேன். கண் பார்த்தால் கை செய்யும் என்று நம்மூரில் சொல்வார்களே, அந்தப் படிப்பு. இப்போது எட்டுப் பேர் கொண்ட ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். முதியோர் இல்லங்களில் பேச முடியாமல் கிடப்பவர்களின் முகத்தைக் கேமரா பார்த்து, வலி இருக்கிறதா என்று செவிலியருக்குச் சொல்ல வேண்டும். என் மனைவி கலா அப்படி ஓர் இல்லத்தில்தான் செவிலியர். ஆகவே இது எனக்கு வெறும் வேலை இல்லை. வீட்டில் சாப்பிடும்போதும் இதே பேச்சுதான்.

கம்ப்யூட்டருக்கு முகம் கற்றுக்கொடுப்பது எப்படி என்று ஒருமுறை அக்காவே கேட்டாள். 'இது சிரிக்கிற முகம், இது அழுகிற முகம்' என்று பெயர் எழுதி ஒட்டிய படங்களைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பார்த்துப் பார்த்து அதுவே பிடித்துக்கொள்ளும் என்றேன். படத்துக்குப் பஞ்சமில்லை. பெயர் ஒட்டத்தான் ஆள் இல்லை. ஒவ்வொரு படத்தையும் விஷயம் தெரிந்த மனிதர் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்ததோ கையளவு படம், அத்தனையும் இந்த ஊர் முகங்கள். கலா வேலை பார்க்கிற இல்லத்தில் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் இருக்கிறார். பக்கவாதத்தில் பேச்சுப் போனவர். அவர் தூங்கினாலும் சாப்பிட்டாலும் எங்கள் புரோகிராம் அவரைக் 'கோபம்' என்றே சொன்னது.

இவ்வளவு ஓட்டையும் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் பெருமை யாரை விட்டது? வலியைக் கண்டுபிடிப்பதற்கு முதல் படியாக, எங்கள் புரோகிராம் எந்த முகத்தையும் எட்டுப் பெட்டியில் ஒன்றில் போடும்; அந்த எட்டுக்கும் தமிழில் பெயர் போட்டு வைத்தேன்: மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு, ஏளனம், எதுவும் இல்லை. நோய் வந்த பிறகு அக்கா முதல்முறை வீடியோவில் வந்த அன்று, "அக்கா, இங்க பாரு, என் மிசினு உன் மூஞ்சியப் படிக்கும்" என்று என் திரையை அவளுக்கும் காட்டினேன்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு மாதம் கழித்துத் தம்பியைப் பார்க்கிற சிரிப்பு. அவள் முகத்தைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் வந்து நின்றது. கட்டத்துக்குக் கீழே, பளிச்சென்று, அழகான தமிழில்: ஏளனம்.

உதடு ஒரு பக்கம் மட்டும் ஏறினால் ஏளனம் என்று நாங்கள்தான் அதைப் பழக்கியிருந்தோம்.

அவள் அதைப் படித்தாள். "இங்க நெட்டு சரியில்லடா மனோ" என்றாள். படம் அணைந்தது, குரல் மட்டும் வந்தது. அன்றிலிருந்து குரல் மட்டும்தான்.

4

குரலில் எந்தக் குறையும் வைக்கவில்லை. "சாப்டியா, கலா டூட்டி முடிஞ்சு வந்துட்டாளா, தாரணி என்ன பண்றா" எல்லாம் வழக்கம்போல. கேமராவைப் போடு என்றால் மட்டும் நெட்டு, சார்ஜு, மாவு கை. ஒருநாள் தாங்காமல், ஏதோ ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு, "அகத்தின் அழகு முகத்தில தெரியும்பாங்க, உனக்கு என்னக்கா குறை" என்றேன். இந்த ஊசிப்போன வாக்கியம் எங்கிருந்து வாயில் வந்ததோ.

அக்கா கேட்டாள். "அப்ப எனக்கு அகமும் பாதிதான் மிச்சமாடா?"

மாமாவிடம் தனியாகப் பேசினேன். மாமா எப்போதும் கிண்டல் பேசுகிறவர், அன்று பேசவில்லை. "மாப்ள, ஒரு பொம்பள குழந்தைய போட்டோ எடுக்கக் கொண்டாந்துச்சு. இவ பாத்து சிரிச்சிருக்கா. 'ஏங்க புள்ளையப் பாத்து இப்படி இளிக்கிறீங்க'ன்னு கேட்டுருச்சு. அதுலேருந்து கடைல மாஸ்க்கு. வீட்ல கண்ணாடிய பீரோவுக்குள்ள திருப்பி வச்சிருக்கா. நீ வேற அதுக்கு சர்ட்டிபிகேட் குடுத்துட்ட."

இதில் இன்னொரு சிக்கல். என் மகள் தாரணி வரும் ஆனியில் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். அவள் பிறந்தபோதே அக்கா சொல்லியிருந்தாள்: 'நீ ஸ்கூல் முடிக்கிற அன்னிக்கு அத்தை அங்க இருப்பேன்டி.' வர விசா வேண்டும். விசாவுக்கு போட்டோ வேண்டும். ஊருக்கெல்லாம் விசா போட்டோ எடுத்தவள், தன்னுடையதை மட்டும் எடுக்கவிடவில்லை. "அந்தக் குளிருல நான் எதுக்குடா" என்றாள். என்னால் நின்றுபோனது ஒரு வீடியோ கால் மட்டுமில்லை, அவள் பயணமே என்று அப்போதுதான் உறைத்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு தாரணியைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு டிக்கெட் போட்டேன். கலாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நிறுவனத்தில் சொன்ன காரணம், நம்மூர் முகங்களைச் சேகரித்து வருகிறேன் என்பது. அது பொய்யில்லை. ஆனால் மெய் வேறு.

தாரணி முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தமிழ் புரியும். பதில் ஜெர்மனில்தான் வரும். தப்பித் தவறித் தமிழ் பேசினால் பெரியவர் சிறியவர் எல்லோரும் 'நீ'தான். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

5

திருச்சி விமான நிலையத்தில் அக்கா மாஸ்க்கோடு நின்றாள். கார் காவிரிப் பாலத்தில் ஏறும் வரை தாரணியின் கையைப் பிடித்து வைத்திருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. வீட்டில் காபி குடிக்க மாஸ்க்கை எடுத்துத்தானே ஆக வேண்டும். எனக்கு வலது பக்கம் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். போட்டோக்காரி. வெளிச்சமும் கோணமும் அவளுக்கா சொல்லித்தர வேண்டும்?

"அக்கா, அன்னிக்கு நான் செஞ்சது தப்புக்கா" என்றேன்.

"நீயா சொன்ன? மிசினு சொல்லிச்சு."

"மிசினு சொன்னது தப்பு."

காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "அது தப்பாச் சொல்லியிருந்தா எனக்கென்னடா. சரியாச் சொல்லிருச்சோன்னுதான் பயம். எல்லாரும் மரியாதைக்கு சொல்லாம இருக்காங்க, மிசினுக்கு அந்த மரியாத இல்ல, உள்ளத சொல்லிருச்சுன்னு நினைச்சேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேச்சை மாற்றினாள். "சரி, வந்த வேலை என்ன? அதச் சொல்லு."

சொன்னேன். அவளுடைய ஹார்ட் டிஸ்கில் பல வருடத்து முகங்கள் இருக்கின்றனவே, அதைக் கொடுத்தால் போதும் என்றேன்.

"அது முடியாது."

"பேரு ஊரு எதுவும் வேணாம்க்கா. வெறும் மூஞ்சிதான்."

"வெறும் மூஞ்சியா? என்னை நம்பி இந்த ஸ்டூல்ல உக்காந்தவங்கடா அவங்க. அது அவங்க மூஞ்சி. குடுக்க நான் யாரு? உனக்கு வேணும்னா வாசல்ல போர்டு போடு. விருப்பப்பட்டவங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டுக் குடுக்கட்டும்."

சட்டமும் அதைத்தான் சொல்கிறது, எங்கள் நிறுவனத்துக்கு அதைச் சொல்ல ஒரு வக்கீல் இருக்கிறார். அக்காவுக்கு வக்கீல் தேவைப்படவில்லை.

6

மாமா போர்டு எழுதினார்: 'கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்த முகங்கள் தேவை. காபி உண்டு.' கூட்டம் வந்தது. காபிக்கா, பாடத்துக்கா என்று கேட்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் தமிழில் எழுதிய ஒப்புதல் தாளைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினோம்.

முதல் நாள் படங்களைப் புரோகிராமில் போட்டேன். 'கோபம், கோபம், கோபம்.' ஊர் மொத்தமும் கோபமாக இருந்தது. பார்த்தால் காரணம் புரிந்தது. நம் ஆட்கள் கேமரா முன்னால் உட்கார்ந்ததும் மூச்சைப் பிடிக்கிறார்கள், தாடையை இறுக்குகிறார்கள், கண்ணை விரிக்கிறார்கள். ஆயுசில் அவர்கள் பார்த்த கேமரா எல்லாம் ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும்தான். அங்கே அசைந்தால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்து ஐயாவும் இப்படித்தான் எங்கள் கேமராவைப் பார்த்து விறைத்திருப்பாரோ என்று அப்போது தோன்றியது.

சரி, நடிக்கச் சொல்லலாம் என்று பார்த்தேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் பழக்கடை வைத்திருக்கிற பாய் வந்திருந்தார்.

"கோபமா இருங்க பாய்."

"யார் மேலங்க?"

"சும்மா, பொதுவா."

"பொதுவா எப்படிங்க கோவப்படறது? ஆளச் சொல்லுங்க, அப்பத்தான் வரும்."

திரைக்குப் பின்னால் அக்கா மாஸ்க்குக்குள் குலுங்குவது தெரிந்தது. "தள்ளுடா" என்று என்னை நகர்த்திவிட்டு அவளே கேமராவுக்குப் பின்னால் போனாள். "பாய், நிமிந்து உக்காருங்க. சிரிக்காதீங்க." கிளிக். "அவ்ளோதாங்க, முடிஞ்சிருச்சு." பாய் மூச்சை விட்டுத் தோளைத் தளர்த்தினார். அப்போது இன்னொரு கிளிக்.

முதல் படம் ஆதார் அட்டை. இரண்டாவதில், பஸ் ஸ்டாண்டில் வெயிலில் நிற்கிற ஒரு மனிதர், கொஞ்சம் களைப்பாக, கொஞ்சம் நிம்மதியாக, 'இவ்வளவுதானா' என்கிற முகத்தோடு இருந்தார்.

"முப்பது வருஷமா இதான்டா என் தொழில் ரகசியம்" என்றாள். "மொத கிளிக்கு கவர்மெண்ட்டுக்கு. ரெண்டாவது வீட்டுக்கு. முடிஞ்சிருச்சுன்னு சொன்னாத்தான் மனுசனுக்கு அவன் மூஞ்சி திரும்பி வரும்."

இரண்டாவது படத்தை அவரவரிடம் காட்டி, வைத்துக்கொள்ளலாமா என்று தனியாகக் கேட்டோம். வேண்டாம் என்ற இருவரின் படத்தை அவர்கள் கண் முன்னாலேயே அழித்தாள்.

தாரணி அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் கேமராவே தாரணி கையில் இருந்தது. முறைப்பும் தீர்ந்திருந்தது.

7

படம் சேர்ந்ததும் பெயர் ஒட்டும் வேலை. லேமினேஷன் மேசையைச் சுற்றி நாலு பேர்: அக்கா, மாமா, வடக்கு உத்தர வீதி பத்மா மாமி, கான்வென்ட் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தெரசா டீச்சர். எட்டுப் பெட்டியைக் காட்டி, ஒவ்வொரு முகத்துக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஒருவர் பேச்சைக் கேட்டு மற்றவர் மாற்றாமல் இருக்கத் தனித்தனித் தாள் கொடுத்தேன். தாள் தனி, வாய் தனியில்லை.

"இதுவா கோபம்?" என்றார் மாமி. "கோபம்னா மூஞ்சில எள்ளும் கொள்ளும் வெடிக்க வேண்டாமோ? இது சும்மா உர்ருனு இருக்கு, அவ்வளவுதான்."

"அது பசி, மாமி" என்றார் டீச்சர். "பரீட்சை ஹால்ல நான் பார்க்காத மூஞ்சியா?"

"பெட்டில பசி இல்லீங்க டீச்சர்" என்றேன்.

"மூஞ்சில இருக்கேப்பா."

மாமா ஒரு படத்துக்கு 'ஈயாடல' என்று எழுதியிருந்தார். இன்னொன்றுக்கு 'அசடு வழியுது'. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். எட்டுப் பெட்டியில் அவர்கள் போட்ட குறியைக் கணக்குப் பார்த்தால் ஒரே படத்துக்கு நாலு பேரும் நாலு பக்கம். இதை வைத்து எதற்கும் பாடம் நடத்த முடியாது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் சலிப்போடு தாள்களை அடுக்கினேன். அப்போதுதான் ஓரத்தில் அவர்கள் கிறுக்கியிருந்ததைப் படித்தேன். பெட்டியில் ஒத்துப்போகாதவர்கள், ஓரத்தில் ஒத்துப்போயிருந்தார்கள். 'அசடு' என்று ஒருவர் எழுதிய படத்துக்கு மூன்று பேர் அசடு என்றே எழுதியிருந்தார்கள். பசியும் அப்படியே. கேள்வி கோணலாக இருந்திருக்கிறது, நான் ஆட்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடத் தெரியாதவள் மேடையைக் கோணல் என்ற கதை.

மறுநாள் பெட்டிகளை மாற்றி, அவர்கள் ஓரத்தில் எழுதிய பெயர்களையே போட்டேன். சேர்ந்தது கொஞ்சம் படம்தான், ஆனால் ஒத்துப்போன படம். மிச்சத்தை எப்படிச் செய்வாய் என்று அக்கா கேட்டாள். "டீச்சர் போர்டுல பத்துக் கணக்கு போட்டுக் காட்டிட்டு மிச்சத்த வீட்டுப்பாடமாக் குடுப்பாங்கள்ல, அப்படித்தான்க்கா. பேர் எழுதாத படத்த எல்லாம் அதுவே ஊகிச்சுப் பாக்கும். உறுதியாத் தெரிஞ்சத வச்சு இன்னும் கத்துக்கும். சந்தேகம் வர்ற படத்த மட்டும் நம்மகிட்ட கேக்கணும்."

"கேக்குதா?"

"இதுவரைக்கும் இல்ல. தெரிஞ்சாலும் தெரியாட்டியும் எட்டுல ஒண்ணச் சொல்லியே ஆகணும்னு வச்சிருந்தோம்."

அக்கா கையிலிருந்த படத்தைக் கீழே வைத்தாள். "அதான் விஷயமா. என்னை மாதிரி அரை மூஞ்சி சிரிக்கிற ஆள் ஒருத்தரக்கூட நீ அதுக்குக் காட்டல. தெரியலன்னு சொல்லவும் விடல. பாவம் அது, வழி கேட்டா தெரியாட்டியும் கையக் காட்டுற நம்மூரு ஆளு மாதிரி எதையோ காட்டியிருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "தெரியலன்னு சொல்ல வைடா மொதல்ல. கேக்குற புள்ளதான் உருப்படும்."

அன்று மதியம் எங்கள் மேலாளருக்குப் போன் செய்தேன். 'தெரியாது என்று சொல்லும் எந்திரத்தை யார் வாங்குவார்கள்?' என்றார். வலியில் கிடக்கிறவரைக் கோபக்காரர் என்று சொல்லும் எந்திரத்தை யாரும் வாங்கக் கூடாது என்றேன். சரி, செய்து பாருங்கள் என்றார். சனிக்கிழமைக்குள் எல்லாப் பெட்டிக்கும் கடைசியாக இன்னொரு பதிலைச் சேர்த்துவிட்டேன்: 'தெரியவில்லை, சொல்லுங்கள்.'

8

ஸ்டுட்கார்ட் திரும்ப இன்னும் இரண்டு நாள். மார்கழிக் கூட்டம் கோயில் பக்கம் போய்விட்டதால் கடையில் யாருமில்லை. விசா பாரம் முழுவதையும் மாமா நிரப்பி வைத்திருந்தார், போட்டோ ஒட்டுகிற கட்டத்தைத் தவிர. நானும் அவரும் அதைப் பற்றிப் பேசுவதை எப்போதோ விட்டிருந்தோம்.

தாரணி விளக்கைப் போட்டாள். நீலத் துணியை ஒட்டி இருந்த ஸ்டூலைத் தட்டினாள்.

"அத்தை, வாங்க. உக்காருங்க."

"எதுக்குடி? போற நேரத்துல விளையாட்டு."

"விசா."

"அத்தைக்கு அந்தக் குளிரு ஒத்துக்காது கண்ணு."

தாரணி தமிழில் வார்த்தை தேடினாள். எனக்கு உதவத் தோன்றியது, வாயை மூடிக்கொண்டேன். "நீங்க வரேன் சொன்னீங்க. நான் குட்டியா இருக்கும்போது. நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா ஜெராக்ஸ் மெஷினில் இல்லாத தாளைத் தேடினார். என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மாஸ்க்கைக் கழற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் முகத்தை வலப்பக்கம் காட்டித் திருப்பினாள். தாரணி போய் இரண்டு விரலால் தாடையைப் பிடித்து நேராக்கினாள். அக்கா எல்லோருக்கும் செய்வதைப் போலவே.

தாரணி கேமராவுக்குப் பின்னால் போய்க் குனிந்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். பிறகு, ஐம்பது தடவை கேட்டுப் படிந்த அதே குரலில், அதே சலிப்போடு சொன்னாள்.

"சிரிக்காதீங்க."

அக்கா அப்படியே இருந்தாள்.

"அத்தை, சிரிக்காதீங்க. விசா போட்டோ. வாங்க மாட்டாங்க."

"நான் சிரிக்கவே இல்லையேடி."

"சிரிக்கிறீங்க."

"தெரியுதா?"

"ம்ம்." தாரணி கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் ஆறுதல் சொல்லவில்லை. அவளுக்கு வேலை கெடுகிறது, அந்தக் கவலைதான். "நல்லாத் தெரியுது. கன்னம், கண்ணு, எல்லாம். ப்ளீஸ், ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

அக்கா மூச்சை இழுத்து, தாடையை இறுக்கி, கண்ணை விரித்து, ரேஷன் கார்டு முகத்தைக் கொண்டுவந்தாள். கிளிக்.

"அவ்ளோதாங்க, முடிஞ்சிருச்சு" என்றாள் தாரணி.

கிளிக்.

முதல் படம் பாரத்தில் ஒட்டப்பட்டது. விசா போன வாரம் வந்துவிட்டது, ஆனியில் அக்கா வருகிறாள். இப்போது வீடியோவில் நாற்காலியை நேராகவே போட்டுக்கொள்கிறாள். யாழ்ப்பாணத்து ஐயாவைப் பற்றி எந்திரம் இப்போது கலாவிடம் கேட்கிறது. கலா போய்ப் பார்த்து, வலியா விறைப்பா என்று சொல்கிறாள்.

அன்று கடையில், இரண்டாவது படத்தை எல்லோருக்கும் காட்டுவதைப் போல தாரணி அத்தைக்கும் காட்டினாள். அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒப்புதல் தாள் ஒன்றை எடுத்து, தானே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"போடு உன் மிசின்ல."

போட்டேன். முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம் வந்தது. கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு கீழே எழுத்து வந்தது: தெரியவில்லை, சொல்லுங்கள்.

அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, தானே அடித்தாள்: சிரிப்பு.